கட்டம் போட்ட அம்மை

அன்னமேரியை மனிதர் கை தொட்டு நாலு வருஷம் ஆகிறது. டாக்டர்களைச் சேர்க்கவில்லை, அவர்கள் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறவர்கள்.

பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஆளை ஆள் இடிக்காமல் நடக்க முடியாது. எதிரே ஒருவர் வாளியோடு வந்தால் இவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட சந்தில் ஒருத்தியின் மேல் நாலு வருஷம் யார் தோளும் உரசாமல் இருப்பது லேசான காரியமா? ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி எல்லாரும் சேர்ந்து பாடுபட்டால்தான் முடியும். பாடுபட்டார்கள்.

முதலில் முழங்கையில் ஒரு ரூபாய் வட்டத்துக்குச் சிவந்து தடித்தது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாய்ச் செதில். புருஷன் சந்தியாகு இறந்து இரண்டு வருஷம் முடிந்திருந்த நேரம். கவலையில் வந்த அரிப்பு என்று தேங்காய் எண்ணெய் தடவினாள். அதுவோ கழுத்துக்கும் நெற்றிக்கும் ஏறி, மார்புக்கு இறங்கி, வயிறு, முதுகு, கை என்று குடியேறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சொரியாசிஸ் என்றார்கள். ஒட்டாது, பயப்படாதே என்றார்கள். அன்னமேரி அதைச் சந்து முழுக்கச் சொன்னாள், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும். சந்தும் அதை ஏற்றுக்கொண்டது. அன்று முதல் யாரும் அவளோடு ஒட்டவில்லை.

சேலைக்கு ஃபால் தைத்துக் கொடுத்துப் பிழைத்தவள் அவள். ஒருத்தி தைத்த சேலையை வாங்கி, வாசலிலேயே விரித்து உதறினாள். தவிடு மாதிரி ஏதோ உதிர்ந்தது. அத்தோடு ஃபால் வேலை போயிற்று. இப்போது தாராவியில் ஒரு பட்டறையிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும். பட்டன் தைத்து மூட்டையாகவே திருப்பி அனுப்புவாள். யார் தைத்தது என்று சட்டைக்குத் தெரியாது. குழாயில் தண்ணீர் வரும்போது அவள் குடம் கடைசி. மாதா கோயிலில் பூசை நடுவே 'சமாதானம்' சொல்லிப் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடிக்கிற நேரம் வந்தால், அவளுக்கு மட்டும் தூரத்திலிருந்து கும்பிடு விழும். கொரோனா காலம் ஒன்றுதான் அவளுக்குப் பொற்காலம். அப்போது யாரும் யாரையும் தொடவில்லை.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒரு துண்டு.

மகன் ஸ்டெர்லின் விராரில் இருக்கிறான். மருமகள் லிசாவுக்குப் பிள்ளை பிறந்ததும் ஓடினாள் அன்னமேரி. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். லிசாவின் அம்மா ஒரு பெரிய துண்டை எடுத்து, அதை நாலாக மடித்து, அன்னமேரியின் மடியிலும் கையிலும் விரித்தாள். பிறகுதான் பிள்ளையை வைத்தாள். "தப்பா நினைக்காதீங்க, பச்சைப் பிள்ளைல்லா" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அன்னமேரியும் சிரித்தாள். துணிக்கு அந்தப் பக்கம் பேரனின் சூடு எப்படி இருக்கும் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். தாதரில் இறங்க மறந்து இரண்டு ஸ்டேஷன் தாண்டிவிட்டாள்.

ஸ்டெர்லின் கெட்ட பிள்ளை இல்லை. துண்டை அவனும் பார்த்தான். அடுத்த வாரமே அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கே லைட் வைத்தியம் இருந்தது. ஆள் உள்ளே நின்றால் நாலு பக்கமும் ஊதா வெளிச்சம் விழும் பெட்டி. வாரம் மூன்று நாள் வர வேண்டும். பட்டன் வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் எப்படி வருவது? அப்படியானால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சின்ன விளக்கு இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ரத்தம் பார்த்ததில் வைட்டமின் டி தரைமட்டம். "வெயில்லயே போறதில்லையாம்மா?" என்று கேட்டார். சந்தில் வெயில் ஏது? மேலே தகரமும் நீலத் தார்ப்பாயும். வெயில் இருக்கிற தெருவுக்குப் போனாலும் அவள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிக்கொண்டுதான் போவாள். தூத்துக்குடிக்காரிக்கு வெயில் பற்றவில்லை என்றால் சிரிப்பார்கள். வைட்டமினுக்கு வாரம் ஒரு பொடி, தோலுக்கு விளக்கு, இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்று டாக்டர் தனித்தனியாகச் சொன்னார்.

விளக்கு கைக்கு அடக்கமாக இருந்தது. பிடி ஒன்று, அதன் முனையில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில்தான் ஊதா வெளிச்சம் வரும். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் முப்பது செகண்ட். ஒருநாள் விட்டு ஒருநாள். தடவைக்கு ஐந்து ஐந்து செகண்டாகக் கூட்டலாம். சிவந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஸ்டெர்லின் அதைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்து, தமிழ் சரியாக வராமல், படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வைப்பாள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் முறுக்குச் சுடுவாள். முப்பிடாதியம்மாளின் முறுக்கு சயான் வரைக்கும் பேர் போனது. ஒரே சுவர்தான், எண்ணெய் பொரிகிற சத்தம் இங்கே கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அன்னமேரி செகண்டை எண்ணுவாள். இரண்டு வாரத்தில் ஒரு நிமிஷத்துக்கு வந்து சேர்ந்தாள். செதில் கொஞ்சம் மெலிந்தது, நிறம் கொஞ்சம் வெளுத்தது. அவ்வளவுதான். டாக்டர் மூன்று மாதமாகும் என்று சொல்லியிருந்தார். ஆனால் பேரனுக்கு ஞானஸ்நானம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் துண்டு இல்லாமல் பிள்ளையை வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

திங்கட்கிழமை மத்தியானம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு நிமிஷத்துக்கு இவ்வளவு குணம் என்றால் ஆறு நிமிஷத்துக்கு ஆறு பங்கு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அவளும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். படித்தது எல்லாம் நேரத்துக்கு ஞாபகம் வந்தால் உலகத்தில் டாக்டருக்கு வேலை இல்லை. விளக்கு தானாக அணையும். அவள் மறுபடி அமுக்கினாள். நெற்றி, கழுத்து, மார்பு, வயிறு, இரண்டு கை. ஒரு கட்டம் முடிந்ததும் அதை ஒட்டி அடுத்த கட்டம், தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மாதிரி. சுடவே இல்லை. அதுதான் ஏமாற்றிவிட்டது.

ராத்திரி தோல் திகுதிகுவென்று எரிந்தது. விடிவதற்குள் காய்ச்சல். கண்ணாடியில் பார்த்தால் முகம் பழுத்த மிளகாய் நிறம். கழுத்திலும் மார்பிலும் சின்னச் சின்னதாக நீர்க் கொப்புளம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

குழாயில் தண்ணீர் வந்து நிற்கப்போகும் நேரம். வரிசைக் கடைசியில் அன்னமேரியின் குடம் இல்லை. முப்பிடாதியம்மாள்தான் வந்து கதவைத் தட்டினாள்.

"மேரி, தண்ணி போகப் போவுது. என்ன, உறங்குதியா?"

கதவு திறந்தது. முப்பிடாதியம்மாள் பார்த்தாள். கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். இரண்டு கையும் தானாகக் கூம்பின.

"யம்மா! தாயே! வந்துட்டியா?"

அன்னமேரி யாரோ தனக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"செவ்வாக்கெழமையும் அதுவுமா வந்திருக்கியே தாயே" என்றபடி முப்பிடாதியம்மாள் உள்ளே வந்தாள். நாலு வருஷமாக அந்த வாசலைத் தாண்டாதவள், நேராக வந்து, அன்னமேரியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்த்தாள். கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல் முறித்தாள்.

'அக்கா, இது அம்மை இல்லை, விளக்கு' என்று சொல்ல அன்னமேரி வாயைத் திறந்தாள். அந்தக் கை மறுபடி கன்னத்துக்கு வந்தது. எண்ணெய் காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டித்துப்போன கை. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவே. சாமியாரிடம் பாவம் சொல்லும்போது இரண்டும் ஒரே கணக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மை விஷயத்தில் சந்துக்கு முப்பிடாதியம்மாள் சொன்னதுதான் தீர்ப்பு. வருஷா வருஷம் அம்மன் கோயில் கொடைக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். இருபது வீட்டு அம்மைக்குத் தண்ணி ஊற்றியவள். பத்து நிமிஷத்தில் அன்னமேரியின் வாசலில் வேப்பிலை தொங்கிற்று. தலைக்கு மேல் மாதா படம், வாசலில் வேப்பிலை. முப்பிடாதியம்மாளின் மருமகள் ஷாலினிக்குத்தான் சந்தேகம். அவள் பம்பாயிலேயே பிறந்தவள், ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவள்.

"மம்மி, இவங்க கிறிஸ்டியன் இல்லையா? இவங்களுக்கு எப்படி?"

"அவ என்ன ரேஷன் கார்டு பாத்துட்டா வருவா? நெனச்ச வீட்டுக்கு வருவா."

ஷாலினி எட்டிப் பார்த்தாள். "அதில்ல மம்மி, முத்து கட்டம் கட்டமா இருக்கு. ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி."

"வாயக் கழுவு! அம்மா கோலம் போட்டிருக்கா. இருவது வீட்டுல பாத்துட்டேன், இப்படி அம்சமா எங்கயும் வரல. பாரு, முதுகுல ஒரு முத்து ஏறல. சாந்தமா வந்திருக்கா."

முதுகுக்கு விளக்கு எட்டவில்லை என்று அன்னமேரி சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் கனவில்கூடக் கேட்டதில்லை. சின்ன வயதில் அம்மை கண்டு தேறிய பொம்பளைகள் முறை வைத்து வந்தார்கள். பிள்ளைகளை மட்டும் அனுப்பவில்லை. கூழ் வந்தது, இளநீர் வந்தது, நுங்கு வந்தது. குழாயில் முதல் குடம் அவள் குடம். எதிர் வீட்டு டி.வி. சத்தம் குறைந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் தள்ளிவைக்கப்பட்டன. அம்மை இருக்கும் வீட்டுப் பக்கம் எண்ணெய் காயக்கூடாது, தாளிக்கக் கூடாது. பிரித்துச் சொல்ல முடியாதபடி வீடுகள் ஒட்டியிருப்பதால் முழுச் சந்துக்கும் அது சட்டமாயிற்று. யார் வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை. முப்பிடாதியம்மாள் முறுக்குச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

சட்டி கவிழ்ந்ததால் அவளுக்கு மத்தியானங்கள் ஓய்வாயின. அந்த மத்தியானங்களை அன்னமேரியிடம் கொண்டுவந்தாள். மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டு, எரிகிற இடமெல்லாம் வேப்பங்கொத்தால் வருடுவாள். செதில் இருக்கிற இடம், கொப்புளம் இருக்கிற இடம் என்று வித்தியாசம் பார்க்கவில்லை. எல்லாம் தாயின் முத்து. அன்னமேரி கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். எரிச்சல் ஒரு பக்கம், சுகம் ஒரு பக்கம். இந்தக் கை போய்விடக் கூடாதே என்பதைத் தவிர அவளிடம் வேறு பிரார்த்தனை இல்லை. பாவம், அதை எந்தச் சாமியிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஸ்டெர்லின் போன் செய்தபோது முப்பிடாதியம்மாளே எடுத்துச் சொல்லிவிட்டாள். அவன் பதறிப்போய் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான்.

"மம்மி, சிக்கன்பாக்ஸா? பேபிக்கு ரிஸ்க் ஆயிடும் மம்மி. சண்டே நீ வராதே, ப்ளீஸ். போட்டோ அனுப்புறேன்."

இது சிக்கன்பாக்ஸ் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை விராருக்குப் போகலாம். அங்கே துண்டு இருக்கும். இங்கே மடி இருக்கிறது. "சரிப்பா" என்றாள் அன்னமேரி. போனை வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். 'எரியுதா தாயே?' என்று முப்பிடாதியம்மாள் விசிறினாள்.

சனிக்கிழமை மத்தியானம் முப்பிடாதியம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது.

"தாயே, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். எம்மவனுக்குக் கல்யாணம் ஆயி ஆறு வருசம். ஷாலினி வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. அவ முன்னால நான் கேட்டா சடச்சுக்கிடுவா. ஒனக்குத் தெரியாதா? ஒரு உசுரு குடு தாயே. குடுப்பியா?"

அன்னமேரி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முப்பிடாதியம்மாள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பதில் வராமல் எழுந்திருக்க மாட்டாள் போலிருந்தது.

"ம்" என்றாள் அன்னமேரி.

முப்பிடாதியம்மாள் அந்தப் பாதத்தில் முகத்தை வைத்து அழுதாள். கண்ணீர் சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போட்டோ வந்தது. வெள்ளைச் சட்டையில் பேரன். லிசாவின் அம்மா வெறுங்கையால் பிள்ளையை ஏந்திக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டி முன்னால் நின்றாள். அன்னமேரி போட்டோவைப் பெரிதாக்கிப் பிள்ளையின் காதைப் பார்த்தாள். சந்தியாகுவின் காது. அதை யாரிடம் சொல்வது என்று நிமிர்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. அம்மை இருக்கும் இடத்தில் சண்டை கூடாது என்பதால் அடக்கி அடக்கிச் சண்டை போட்டார்கள்.

"கடையிலருந்து ஹனீப் பாய் போன் பண்ணாரு மம்மி. தூஸ்ரா ஆள் பாத்துட்டாராம். அந்த செம்பூர் பொம்பளை தினம் முறுக்கு தருவாளாம்."

"தரட்டும்."

"தரட்டும்னா? பத்து வருஷமா அந்தக் கடை நம்ம கடை. இன்னும் எத்தனை நாள் சட்டி பந்த்?"

"ஏழு, ஒம்பது, பதினொண்ணு. மூணு தண்ணியும் ஊத்தணும். அப்புறந்தான் எண்ணெ."

"அதுக்குள்ள எல்லா கடையும் போயிடும் மம்மி!"

"போவட்டும்டி. அவ குடுப்பா. எனக்கு வாக்குக் குடுத்திருக்கா. இந்தச் சட்டி பெருசா, நான் கேட்டது பெருசா?"

அன்னமேரி போனை அணைத்தாள். எழுந்து உட்கார்ந்தாள். கொப்புளங்கள் வற்றி, தோல் உரியத் தொடங்கியிருந்தது. பொய்யில் நனைந்த கூழை ஆறு நாள் குடித்தாயிற்று. இன்னும் ஐந்து நாள் குடிக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஷாலினியின் வயிறு? அதற்கு 'ம்' சொல்ல இவள் யார்?

சாயங்காலம் முப்பிடாதியம்மாள் கூழோடு வந்தபோது அன்னமேரி கீழே உட்கார்ந்திருந்தாள். முன்னால் தரையில் அந்த விளக்கு இருந்தது.

"அக்கா, இப்படி உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"அம்மா இருக்கும்போது என்னைய அக்கான்னு சொல்லக் கூடாது தாயே."

"அம்மா இல்லக்கா. இது அம்மை இல்ல. இந்த லைட்டு. தோலுக்கு வைக்கிற லைட்டு. ஒரு நிமிசம் வைக்க வேண்டியத ஆறு நிமிசம் வச்சுட்டேன். வெந்துபோச்சு." விளக்கை எடுத்துக் கையில் பொருத்திக் காட்டினாள். கட்டம் கட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது.

முப்பிடாதியம்மாள் கூழ்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். விளக்கைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். படிக்காதவளே தவிரப் புரியாதவள் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப, நான் புள்ள கேட்டப்ப ம்முன்னது யாரு?"

"நாந்தான்."

"அவ இல்லையா?"

"நாந்தான்க்கா."

முப்பிடாதியம்மாளின் முகம் சுருங்கியது. "சட்டியக் கவுத்துனது அவளுக்காவ. ஒனக்குன்னு நெனச்சியா? ஒனக்குன்னா ஒரு மணி நேரம் கவுத்திருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா வாய மூடிட்டுக் கெடந்த?"

"நீங்க தொட்டியள்லா." அன்னமேரி தலையைத் தூக்கவில்லை. "மொத நாளு காய்ச்சப் பாத்தியள்லா, அப்பமே சொல்ல வந்தேன். கைய எடுத்துருவியளோன்னு சொல்லல. ஆறு நாளா நீங்க தொட்டது அவள இல்லக்கா. என்னையத்தான்."

முப்பிடாதியம்மாள் கூழைக் கீழே வைத்தாள். வெளியே போனாள். பக்கத்து வீட்டு மோரியில், குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அடுக்களை மூலையில் இருக்கிற அந்தச் சிமெண்டுத் தொட்டியில், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சோப்பு போட்டுக் கை கழுவுகிற சத்தம். ஒரு தடவை. நின்று, மறுபடி ஒரு தடவை. சுவர் ஒன்றாக இருப்பதன் கஷ்டம் இது. காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும்.

அன்றைக்கு ராத்திரி முறை வைத்து வந்த பொம்பளையிடம் உடம்பு அசதி என்று சொல்லி அன்னமேரி கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் சந்தே கூடி வந்து கதவை இடிக்கும் என்று காத்திருந்தாள். இடித்தவள் முப்பிடாதியம்மாள் மட்டும். உள்ளே வராமல் வாசற்படியில் நின்று, குரலை இறக்கிப் பேசினாள்.

"இங்க பாரு, நான் யார்ட்டயும் சொல்லல. சொன்னா ஒனக்கு மட்டுமா அசிங்கம்? தீச்சட்டி எடுக்கிறவளுக்கு அம்மைக்கும் லைட்டுக்கும் வித்தியாசம் தெரியலன்னு சந்து சிரிக்கும். இன்னைக்கு ஏழாம் நாளு. மூணு தண்ணியையும் ஒண்ணாச் சேத்து ஊத்தி முடிச்சிருதேன். அம்மா அவசரமா எறங்குதான்னு சொல்லிக்கிடுதேன். நாளைக்கு எனக்கு அடுப்பு மூட்டணும். அப்புறம் நீ யாரோ நான் யாரோ."

"சரிக்கா."

"வரங்கேட்டு எவளாவது வந்தா வாயத் தொறக்காத."

பத்து மணிக்குப் பொம்பளைகள் வந்தார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, சந்துமுனையில் வெயில் விழுகிற ஒரு சாண் இடத்தில் வைத்துச் சூடேற்றிய தண்ணீர், நாலு குடம். அன்னமேரி பழைய சேலையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு மோரியில் பலகை போட்டு உட்கார்ந்தாள். இடம் சின்னது; இரண்டிரண்டு பேராக உள்ளே வந்து ஊற்றினார்கள். குலவை தகரக் கூரையில் மோதித் திரும்பியது. ஒருத்தி அரைத்த மஞ்சளைத் தலையில் பூசினாள், ஒருத்தி தோளைத் தேய்த்தாள், ஒருத்தி பாதத்தைக் கழுவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சேலையை வாசலில் உதறியவளும் அதில் இருந்தாள். அவள்தான் கழுத்தை எல்லாரையும்விடப் பதமாகத் தேய்த்தாள். இத்தனை கைக்காகத்தானே நாலு வருஷம் ஏங்கினாள் அன்னமேரி? ஒரு கைகூட அவள்மேல் படவில்லை. அவளை அங்கே உட்கார வைத்துவிட்டு, அவர்கள் வேறு யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அழுதாள். தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று. தாய்க்கு மனசு குளிர்ந்துவிட்டது என்றார்கள்.

முப்பிடாதியம்மாள் ஓரமாக நின்று சொம்பில் மொண்டு மொண்டு மற்றவர்களிடம் கொடுத்தாள். அவள் மட்டும் கிட்டே வரவில்லை. அன்னமேரி கண்ணைத் திறந்தபோதெல்லாம் அவளைத்தான் பார்த்தாள். அந்த அறையில் இவள் யார் என்று தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

தண்ணி ஊற்றி முடிந்தது. வேப்பிலையை அவிழ்த்தார்கள். பானக்கம் குடித்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கும்பிட்டுவிட்டு வேலைக்கும் வீட்டுக்கும் கலைந்தார்கள். கதவு சாத்தியாயிற்று. குடத்தின் அடியில் ஒரு சொம்புத் தண்ணீர் மிச்சம் இருந்தது. முப்பிடாதியம்மாள் அதை மொண்டுகொண்டு வந்து, கைக்கெட்டிய தூரத்தில் நின்று, அன்னமேரியின் தலையில் ஊற்றினாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். போவாள் என்று அன்னமேரி தலை குனிந்து காத்திருந்தாள்.

போகவில்லை.

"முதுகுல மஞ்ச அப்பிக் கெடக்கு" என்றாள்.

"நான் கழுவிக்கிடுதேன்க்கா."

"எப்படி எட்டும் ஒனக்கு?"

முதுகில் விளக்கு படவில்லை. வெந்ததும் இல்லை, கொப்புளமும் இல்லை. நாலு வருஷத்துச் செதில் மட்டும் அப்படியே மலைமலையாக இருந்தது. பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. குழாய் திறந்தது. சொம்பு நிறைந்தது.

"நிமுந்து உக்காந்தா எப்படித் தேய்க்க? குனிட்டி."

அன்னமேரி குனிந்தாள். முதுகில் ஒரு கை விழுந்தது. வருடவில்லை, வழிக்கவில்லை, அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி, கோபத்தோடு, மேலும் கீழுமாகத் தேய்த்தது. செதில் பிய்ந்தது. எரிந்தது. ஒரு இடத்தில் ரத்தம்கூடக் கசிந்தது. வலிக்கிறது என்று அன்னமேரி சொல்லவில்லை.